'செக்': ஓர் அரசன் சொல்லான கதை

தமிழ் நாளேடுகளில் தலைப்பு எழுதுவோருக்குப் பிடித்தமான சொற்களைத் தொகுத்தால் அதில் 'செக்' முன்வரிசையில் இருக்கும். ஆளுநருக்கு முதல்வர் செக் வைப்பார்; கூட்டணிக் கட்சிக்குத் தலைமை செக் வைக்கும். அதே ஏட்டின் உள்பக்கத்தில் செக் மோசடி வழக்கில் ஒருவர் கைதாகியிருப்பார். மாநில எல்லையில் செக் போஸ்டில் லாரி பிடிபட்டிருக்கும். மருத்துவப் பக்கத்தில் முழு உடல் செக்கப், துணிக்கடை விளம்பரத்தில் செக் சட்டை. போதாதென்று கால்பந்துப் போட்டிக் காலங்களில் செக் குடியரசும் வந்து சேர்ந்துகொள்ளும். (இந்தக் கடைசிச் செக்குக்கும் மற்றவற்றுக்கும் உறவில்லை, அது ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர். எள் ஆட்டும் செக்கும் உறவில்லாததே. வ.உ.சி. சிறையில் இழுத்தது நம் சொந்தச் செக்கு.)

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள் கொண்ட சொல் எது என்ற வினாவுக்கு நெடுங்காலம் 'செட்' என்பதே விடையாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்கு 430 பொருள்கள் கொடுத்திருந்தது. பிறகு நடந்த திருத்தப் பணியில், 2011 வாக்கில், 'ரன்' என்னும் வினைச்சொல் 645 பொருள்களோடு முந்திச் சென்றது. இந்தப் பந்தயத்தில் 'செக்' கலந்துகொள்வதில்லை. ஆனால் உட்காரவைப்பதும் ஓடுவதும் எந்த மொழியிலும் கிளைவிடக்கூடிய செயல்கள். அவை நூற்றுக்கணக்கில் பெருகியதில் வியப்பில்லை. வங்கித்தாள், கட்டம் போட்ட துணி, காவலர் மறிப்பு, மருத்துவர் சோதனை, உணவக ரசீது, சரி என்று போடும் குறி, அரசியல் சாசனத்தின் தடை ஏற்பாடு ஆகிய இத்தனையும் ஒரே ஒரு மனிதனின் பட்டப்பெயரிலிருந்து பிறந்தன என்பதே நம்மை இந்தச் சொல்லிடம் இழுக்கிறது. அந்த மனிதன் அரசன். பாரசீகத்தில் அவன் பெயர் ஷா.

மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில், கி.மு. 520ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாமன்னன் தாரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான். அதன் பழம்பாரசீகப் பகுதியில் அவன் தன்னைக் குறிக்கும் சொல் 'க்ஷாயதிய'. ஆளுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத 'க்ஷத்ர'மும் அதன் வழி வந்த 'க்ஷத்திரிய'னும் இதற்கு உறவுமுறை. ஆயிரம் ஆண்டு நாவில் உருண்டு தேய்ந்து அந்த நீண்ட சொல் 'ஷா' என்ற ஓரசையாகிவிட்டது. அதிகாரம் குறையாமல் ஒலி மட்டும் குறைந்துபோன சொற்களில் இதுவும் ஒன்று.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்றது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார்; இந்திய அரசன் ஒருவன் பாரசீக அவைக்கு அந்த ஆட்டத்தைப் புதிராக அனுப்பியதையும், அங்கிருந்த அமைச்சர் அதை விடுவித்ததையும் சொல்லும் சிறிய பஹ்லவி நூல் ஒன்றும் உண்டு. நால்வகைப் படை 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. போன இடத்தில் ஆட்டத்தோடு ஒரு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. மற்றக் காய்களைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டலாம். அரசனைத் தாக்க வந்தால் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கைக்குச் சொன்ன சொல் 'ஷா!' அவ்வளவுதான். 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்பதன் சுருக்கம். அரசனுக்குப் போக்கிடம் இல்லாதபோது 'ஷா மாத்'. இந்த 'மாத்' அரபியின் 'இறந்தான்' என்பார் ஒருசாரார். பாரசீகத்தில் 'செயலற்றுத் திகைத்து நின்றான்' என்பார் மறுசாரார். நமக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. இந்த ஆட்டத்தில் அரசன் சாவதே இல்லை. அவனை யாரும் பலகையைவிட்டு எடுப்பதில்லை. அவன் நின்ற இடத்தில் நிற்க, ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இந்த வழக்கின் நிழலில் ஒரு பழங்கதை உலவுகிறது. 1119ஆம் ஆண்டு பிரெமுயில் என்ற இடத்தில் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றிக்கும் பிரான்சின் ஆறாம் லூயிக்கும் போர். தோற்று ஓடும் லூயியின் குதிரைக் கடிவாளத்தை ஓர் ஆங்கிலப் படைவீரன் பற்றி, அரசனைப் பிடித்துவிட்டேன் என்று கூவினானாம். சதுரங்கத்தில்கூட அரசனைப் பிடிக்கும் வழக்கமில்லை என்று சொல்லி லூயி அவனை வெட்டி வீழ்த்தினாராம். நடந்திருக்குமா என்பது ஐயமே. கதை கட்டியவர்களுக்கு ஆட்டத்தின் இலக்கணம் தெரிந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

அரபியர் வழியே ஐரோப்பா சேர்ந்த 'ஷா', இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆனது. அதன் பன்மையிலிருந்து ஆங்கிலத்தின் 'செஸ்' வந்தது, ஒருமையிலிருந்து 'செக்'. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தின் எச்சரிக்கையும் இரட்டைப் பிள்ளைகள். பதினான்காம் நூற்றாண்டில் சாசர் தம் இளமைக் காலப் படைப்பொன்றில், விதியோடு சதுரங்கமாடி மனைவியை இழந்த வீரனைப் பற்றிப் பாடும்போது இச்சொல்லை இயல்பாகவே கையாள்கிறார். ஆங்கிலேயருக்கு அதற்குள் அது அயற்சொல்லாகத் தோன்றவில்லை.

இங்கே நிகழ்ந்த பொருள்மாற்றத்தை நின்று கவனிக்க வேண்டும். ஆபத்தில் இருப்பவனைக் குறித்த சொல் ஆபத்தையே குறிக்கத் தொடங்கியது. 'அரசே!' என்பது 'தாக்குதல்!' என்றாயிற்று. தாக்கப்பட்ட அரசன் நினைத்தபடி நகர முடியாது என்பதால் 'தடை' என்றாயிற்று. தடுத்து நிறுத்துதல், மறித்தல், அடக்கிவைத்தல் என அடுத்தடுத்த படிகள் அதன்மேல் எழுந்தன. வேட்டைக்குப் பறக்கவிட்ட வல்லூறு துரத்திய இரையை விட்டுவிட்டு இடையில் தென்பட்ட சில்லறைப் பறவையின் பின்னே திரும்புவதையும் வேட்டைக்காரர்கள் 'செக்' என்றார்கள். ஷேக்ஸ்பியரில் அந்தப் பொருளும் உண்டு. எவன் தடுக்கப்பட முடியாதவனோ அவன் பெயரே தடைக்குப் பெயராகிவிட்டதை, ஆங்கிலம் பேசியவர்களில் ஒருவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பாரசீகம் அறியாதவர் வாயில் போன பாரசீகச் சொல், அவ்வளவே.

சொல் ஆட்டப்பலகையைவிட்டு இறங்கி அரசாங்கத்துக்குள் நுழைந்தது ஒரு மேசை வழியாக. மேலே சொன்ன அதே முதலாம் ஹென்றியின் ஆட்சியில், 1110ஐ ஒட்டி, அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் அவை ஒன்று உருப்பெற்றது. அதன் பெயர் 'எக்ஸ்செக்கர்'. இலத்தீனில் 'ஸ்காக்காரியும்', அதாவது சதுரங்கப் பலகை. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் சதுரங்கப் பலகையின் அதிகாரி என்றே அழைக்கிறார்கள் என்பதை அங்குள்ள வாக்காளர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பார்களோ!

அந்த மேசை எப்படி இருந்தது என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அரசின் கருவூல அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1177ஐ ஒட்டித் தொடங்கி ஒரு நூல் எழுதிவைத்தார். ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில், எக்ஸ்செக்கரின் வேலைமுறையை ஒன்றுவிடாமல் விளக்கும் நூல். நிர்வாகக் கையேடு என்று சொன்னால் நமக்குக் கொட்டாவி வரும். இதுவோ படிக்கச் சுவையானது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம். விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்குக் கரை, வைத்தது கீழே உருண்டு விழாதிருக்க. மேலே கறுப்புத் துணி. அதில் ஓரடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. ஒவ்வொரு பத்தியும் ஓர் இலக்கம்: வலக்கோடியில் பென்னிகள், அடுத்து ஷில்லிங்குகள், அடுத்து பவுண்டுகள், பின்பு இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். எண்ணுவதற்கு வில்லைகள்.

ஏன் இந்தப் பாடு? 12 பென்னிக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கை ரோமானிய எண்களில் தாளில் கூட்டிக் கழிப்பது பெருந்தொல்லை. அந்த எண்முறையில் பூச்சியமும் இல்லை, இடமதிப்பும் இல்லை. துணியில் வரைந்த கோடுகள் இடமதிப்பைத் தந்தன. ஒன்றும் வைக்காத கட்டம் பூச்சியமாயிற்று. பூச்சியத்தைக் கொடுத்த நாட்டின் ஆட்டப்பலகை, பூச்சியம் அறியாத நாட்டுக்கு அதன் வேலையைச் செய்து கொடுத்தது என்று சொன்னால் சற்றே மிகைதான். ஆயினும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மேசையின் ஒருபுறம் அரசனின் பொருளாளர். எதிரே மாவட்டத்திலிருந்து வந்த ஷெரீப். ஈஸ்டர் காலத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்து மைக்கேல் திருநாளையொட்டி மறுமுறை என ஆண்டுக்கு இருமுறை அவன் அங்கே வந்து அமர வேண்டும். தன் மாவட்டத்தில் அவன் வைத்ததே சட்டம். வரி வசூலிப்பவன், நீதி சொல்பவன், படை திரட்டுபவன் எல்லாம் அவனே. ராபின்ஹுட் கதைகளின் கொடியவன் ஒரு ஷெரீப் என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம். இங்கே அவன் வாய்திறக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வில்லை துணியில் வைக்கப்படும். அவன் தரவேண்டியது ஒரு வரிசை, தந்தது மறு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் குறை எவ்வளவு என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பற்றாக்குறைக்கு வழிசொல்லத் தெரியாவிட்டால் மார்ஷல் அவனைக் காவலில் வைப்பார். நூலில் மாணவர் கேட்கிறார்: இதற்கு ஏன் சதுரங்கப் பலகை என்று பெயர்? வடிவ ஒற்றுமையை முதலில் சொல்லும் ஆசிரியர், பிறகு இன்னொன்றும் சொல்கிறார். அங்கே இரு படைகள் மோதுகின்றன. இங்கே பொருளாளரும் ஷெரீபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாகச் சுற்றி அமர்ந்து பார்க்கிறார்கள்.

இந்த அவையின் உண்மையான நுட்பம் மேசையில் இல்லை. எதையும் ஒருவர் கையில் மட்டும் விடுவதில்லை என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. பொருளாளர் சொல்லச் சொல்ல எழுத்தர் ஒரு தோல்சுருளில் எழுதுவார். பக்கத்திலேயே சான்சலரின் எழுத்தர் அதை இன்னொரு சுருளில் படியெடுப்பார். ஒன்றில் கைவைத்தால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். ரிச்சர்டின் காலத்தில் மூன்றாவது சுருள் ஒன்றும் இருந்தது. அதை வைத்திருந்தவர் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கிலேயர். முன்பு சிசிலியில் இரண்டாம் ரோஜர் மன்னரிடம் பணிபுரிந்தவர். அந்த அவையில் அரபி மொழியும் நிர்வாக மொழி. அங்குள்ள ஆவணங்களில் அவர் பெயர் 'காயித் புரூன்'. 'ஷா' அரபியர் வழியே பயணம் செய்தது என்று மேலே எழுதினோம். இப்படிப்பட்ட மனிதர்களும் அதே பாதைகளில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

எதிர்ச்சுருளுக்குப் பிரெஞ்சில் 'கோந்த்ர ரோல்'. அதுவே ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல்' ஆனது. கட்டுப்பாடு என்பதன் ஆதிப்பொருள் இன்னொரு பிரதி என்பதே! கணக்கு என்னும் பிரெஞ்சுச் சொல்லோடு குழம்பி அதன் எழுத்தைப் பிற்காலத்தார் மாற்றிக் கெடுத்ததில் 'கம்ப்ட்ரோலர்' பிறந்தார். இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தம் ஆங்கிலப் பதவிப்பெயரில் அந்தப் பிழையை இன்றளவும் சுமக்கிறார்.

மரக்குச்சிகளைச் சொல்லாமல் இந்த அவையை விட்டு நகர முடியாது. பணம் கட்டியவனுக்கு ரசீது, வெட்டுக்குறி இட்ட ஒரு குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த வாற்கோதுமை மணியளவு. வெட்டியபின் குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்தால் வெட்டுக்கள் பொருந்த வேண்டும். சேர்த்துப் பார்த்துச் சரிகாணுதல் என்னும் இந்தச் செயல் எழுநூறு ஆண்டு தளராமல் நடந்தது. 1826இல்தான் இங்கிலாந்து அரசு குச்சிகளைக் கைவிட்டது. 1834 அக்டோபர் 16 அன்று, குவிந்துகிடந்த பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அடுப்பு அளவுமீறிக் காய்ந்து, அன்றிரவே பாராளுமன்றக் கட்டடம் எரிந்துபோயிற்று. டர்னர் அந்த நெருப்பை ஓவியமாக்கினார். டிக்கன்ஸ் 1855இல் ஒரு மேடையில் இதைச் சொல்லி அதிகாரிகளைக் கிண்டலடித்தார். ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே என்பது அவர் கேள்வி.

'செக்' என்றால் சரிபார்த்தல் என்ற பொருள், அதாவது நாம் நாள்தோறும் 'செக் பண்ணு' என்று சொல்லும் பொருள், பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உறுதிப்படுகிறது. கணக்கைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்பது, இன்னோர் ஆவணத்தோடு ஒப்பிடுவது என்ற வழியில் வந்த பொருள் அது. அதே நூற்றாண்டில் அரசனைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கும் வேலையும் நடந்தது. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய முயன்றார். அவர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள். ஏழாண்டு கழித்து, 1649 ஜனவரி 30 அன்று, சார்லஸின் தலை துண்டிக்கப்பட்டது. லூயியின் வாக்கு பொய்த்துப்போன நாள் எனலாம். மகன் இரண்டாம் சார்லஸ் முடிசூடிய பிறகு 1672 ஜனவரியில் எக்ஸ்செக்கர் கொடுக்கவேண்டிய கடன் தொகைகளை ஒரே ஆணையில் நிறுத்திவைத்தார்; அரசை நம்பிக் கடன் கொடுத்திருந்த லண்டன் பொற்கொல்ல வங்கியர் பலர் நொடித்துப்போனார்கள். அரசனைத் தடுப்பது எப்படி என்ற சிக்கல் தலையை வெட்டித் தீரக்கூடியதாக இல்லை.

அதற்கு மறுமொழி தேடியவர்களின் அகராதியில் 'செக்' புதிய இடத்தைப் பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல் எழுத்தில் அது அடிக்கடி தென்படுகிறது. 1787இல் அமெரிக்க சாசனம் எழுதப்பட்டபோது அதை ஆதரித்து வந்த கட்டுரைகளில் ஹாமில்டன் இச்சொல்லைச் சமநிலை என்னும் சொல்லோடு இணைத்தே பயன்படுத்தினார். 1788 பிப்ரவரியில் வெளிவந்த 51ஆம் கட்டுரை ஒரு துறையின் பேராசையை மற்றொரு துறையின் பேராசையால் தடுத்துவைக்கும் தத்துவத்தை விளக்கியது. அரசன் இல்லாத நாட்டில் அரசனாகிவிடக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே 'ஷா!' என்று சொல்லிவைத்தார்கள். இந்திய அரசியல் சாசனத்தின் 148ஆம் உறுப்பு தணிக்கையரை நியமிப்பதும் இந்த மரபில்தான். அரசியல் நிர்ணய சபையில் 1949இல் அம்பேத்கர் அவரைச் சாசனத்தின் ஆக முக்கியமான அதிகாரியாக இருக்கலாம் என்று சொன்னார். தணிக்கை அறிக்கை வெளிவரும் நாளில் அமைச்சர்கள் முகத்தைப் பார்த்தால் அந்த ஷெரீப் நினைவுக்கு வருகிறான்.

வங்கிச் செக் வேறொரு கிளை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்பது பணமுறித் தாளின் அடிக்கட்டையைக் குறித்தது; மோசடி நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும் துண்டு, அதாவது பிளந்த குச்சியின் தாள் அவதாரம். பிறகு அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் எழுத்துச் சாயலில் ஆங்கிலேயர் அதற்கு ஒரு பிரெஞ்சு வாலைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கர் வாலில்லாமல் எழுதுகிறார்கள். 1881ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் அதற்கு இலக்கணம் வகுத்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் பணமில்லாத கணக்கில் செக் கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நீதிமன்றங்களில் தேங்கிக்கிடக்கும் வழக்குகளில் இந்த வகைக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழில் 'காசோலை' என்று பெயர் வைத்தவர் யாராயினும் ரசிகர். பனையோலை போய் நூற்றாண்டாகியும் ஓலை நம்மைவிட்டுப் போகவில்லை. தொகை எழுதாமல் ஒப்பமிட்ட காசோலையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1914 ஜூலை 5 அன்று ஜெர்மன் பேரரசர் ஆஸ்திரியாவுக்கு அளித்த நிபந்தனையற்ற ஆதரவு வரலாற்று நூல்களில் அந்தப் பெயரால்தான் வழங்குகிறது. ஒரு மாதத்துக்குள் ஐரோப்பா தீப்பற்றி எரிந்தது.

அமெரிக்காவில் இச்சொல் இன்னும் தாராளமாகப் பரவியது. ரயிலில் மூட்டை ஒப்படைத்தால் தரும் வில்லை, சூதாட்ட வில்லை, உணவக ரசீது, சரிக்குறி என்று எல்லாம் 'செக்'. சூதாடி கடைசி வில்லைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுவதை வைத்து, இறந்துபோவதற்கும் அங்கே ஒரு கொச்சைத் தொடர் உண்டு.

துணிக் கிளை நம் ஊருக்கே வருகிறது. சதுரங்கப் பலகைபோல் கட்டம் விழுந்த நெசவு 'செக்'. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட துணிகள் உலகச் சந்தையில் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டன. பழவேற்காட்டின் பெயரில் ஒன்று, மெட்ராஸ் பெயரில் இன்னொன்று. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் போன துணி மேற்கு ஆப்பிரிக்காவில் கைக்குட்டையாகப் பயன்படவில்லை. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்றார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய சடங்குத் துணியாகப் போற்றினார்கள். அதோடு விடவில்லை. கலபாரிப் பெண்கள் கட்டங்களிலிருந்து குறிப்பிட்ட இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, நெய்தவர் அறியாத வேறொரு வடிவத்தை அந்தத் துணியில் வரவழைத்தார்கள். அமெரிக்காவில் 1960களில் அதே மெட்ராஸ் செக், துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடுவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்கப்பட்டது. நம்மூரில் சாயம் போகும் லுங்கியை விற்றவன் கதி என்னவாகும் என்பது சொல்லாமலே விளங்கும். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுவதற்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்கள். மெட்ராஸ் செக்கின் ஆகப் பெரிய உருப்படி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழின் 'கட்டம்' என்ற சொல்லும் சளைத்ததில்லை. பலகைக் கட்டம், துணிக் கட்டம், ஜாதகக் கட்டம், பேச்சுவார்த்தையின் இறுதிக் கட்டம். 'கஷ்ட'த்தின் தமிழ் வடிவமும் கட்டமே. அரசன் அகப்பட்டுக்கொண்ட கட்டத்தை இத்தனை வகையாகப் பொருள்கொள்ள ஆங்கிலத்தாலும் இயலாது.

இதுவரை சொன்ன கிளைகளில் தடுக்கப்படுபவன் பெரும்பாலும் பெரியவன்: அரசன், ஷெரீப், அமைச்சன். இருபதாம் நூற்றாண்டில் திசை மாறியது. 1920களில் விமானிகள் வழிகண்டுகொள்ளும் தரை அடையாளத்துக்கு ஏற்பட்ட 'செக்பாயிண்ட்' என்ற பெயர், சாலையில் மனிதரை மறிக்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தது. பெர்லினில் 'செக்பாயிண்ட் சார்லி' 1961 முதல் 1990 வரை நின்றது. ஆங்கில எழுத்துவரிசையின் மூன்றாம் எழுத்தைப் படையினர் சொல்லும் முறை சார்லி, மற்றபடி சார்லி என்று எவரும் அங்கில்லை. 1961 அக்டோபர் 27 மாலையிலிருந்து மறுநாள் வரை அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் அங்கே எதிரெதிரே நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. சதுரங்கம் என்றே எழுதிய செய்தியாளர்களைக் குறைசொல்வதற்கில்லை.

பெரிய நகர்வுகளுக்கு நடுவில், ஒரு பொட்டலத்தோடு வரிசையில் நிற்பவனுக்கு அந்த உவமை உதவாது. 2009 வரை நீடித்த இலங்கைப் போர்க்காலத்தில் 'செக் பொயின்ற்' ஈழத்தமிழரின் அன்றாடச் சொல். பேருந்திலிருந்து இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, நடந்து கடந்து மறுபக்கத்தில் ஏறு. அந்தக் கால ஈழத்துச் சிறுகதைகளைப் படித்தவர்கள் அறிவார்கள். பல கதைகளில் நிகழ்ச்சி என்று தனியாக ஒன்றும் இருக்காது, கடந்துபோவதே நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் 'செக்கிங்' என்றால் இருசக்கர வண்டிக்காரர் பாதை மாறுவார். பேருந்தில் சீட்டுப் பரிசோதகர் ஏறினால் சீட்டு வாங்கியவரும் சட்டைப்பையைத் தடவிக்கொள்வார். இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி வந்தபோது பல மாநிலங்கள் எல்லையிலிருந்த வணிகவரிச் சாவடிகளை மூடின. லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு வரிசை குறைந்தது. கணக்கு கேட்பதற்காக மேசையில் விரித்த சொல், இப்போது கணக்கு கேட்கப்படுபவர்களின் பக்கம் நின்று பார்க்கும்போது வேறாகத் தெரிகிறது. ஷெரீப் எழுந்து மேசையின் மறுபக்கம் போய் அமர்ந்துவிட்டானோ என்றுகூடத் தோன்றும்.

வட இந்திய மொழிகளில் பழைய வடிவம் அப்படியே இருக்கிறது. இந்தியிலும் உருதுவிலும் 'ஷஹ்' என்றால் செக், 'மாத்' என்றால் தோல்வி. பிரேம்சந்தின் சதுரங்கக் கதையை சத்யஜித் ராய் 1977இல் படமாக்கினார்; பிரபுக்கள் இருவர் மரக்காய்களின் அரசனைக் காக்க மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, அவர்களுடைய உண்மையான அரசன் வாஜித் அலி ஷாவின் அவத் நாட்டை 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை சொல்லும் வழக்கம் கம்பெனிக்குக் கிடையாது.

ஈரானில் கடைசி ஷா 1979 ஜனவரி 16 அன்று நாட்டைவிட்டுப் பறந்தார். புரட்சி அரசு சதுரங்கத்தைத் தடைசெய்தது. சூதாட்டத்துக்கு வழிவகுக்கும் என்பது காரணம். 1988இல் கொமேனி தடையை நீக்கினார். இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பலகையில் நடுக்காய்க்குப் பெயர் 'ஷா'தான். ஆனால் அதைத் தாக்கும்போது, உலகத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்த மொழியைப் பேசும் அவர்கள் 'ஷா' என்று சொல்வதில்லை. 'கிஷ்' என்கிறார்கள். முற்றத்தில் மேயும் கோழியை விரட்டவும் அங்கே அதே ஒலிதான்.